ரெண்டாம் பொறுக்கு

எனக்கு மூக்குக்கு மேல கோவம் வரும்னு எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாக. நான் ஒருநாளும் ஒத்துக்கிட்டதில்ல. ஒத்துக்க வேண்டி வந்த கதை இது. மீன் கதையும்தான். ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு எழுதிப் பாத்தேன், வரல.

போடிக்கு வெளிய, மலையப் பாத்தாப்புல இருக்குற ஒரு காலேஜுல நான் ஆராய்ச்சி மாணவியா இருந்தேன். முப்பத்தி ரெண்டு வயசுல மாணவின்னு சொல்லிக்கிட்டா யாரு சிரிக்க மாட்டாக? விலங்கியல் துறைக்குப் பின்னால தட்டுமுட்டுச் சாமான் கெடந்த ரூம ஒழிச்சு, வெள்ளையடிச்சு, இரும்பு ஸ்டாண்டு போட்டு, கண்ணாடித் தொட்டிய வரிசையா அடுக்கியிருந்தோம். அதத்தான் மீன் ரூமுன்னு சொல்லுவோம். தொட்டிக்குள்ள வரிக்குதிரை மீனு. சுண்டுவெரல் நீளங்கூட இருக்காது. ஒடம்புல நீலக்கோடு ஓடும். கூட்டமா ஒரே நேரத்துல திரும்புறப்ப பாக்க அம்புட்டு அழகா இருக்கும்.

"ஒழுங்கா ஒரு மீன் கொழம்பு வைக்கத் தெரியாது, இவ மீனுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கப் போயிட்டா"ன்னு எங்கம்மா வர்றவுக போறவுககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிக்கும். அதுல பாதி பெருமைதான்னு எனக்குத் தெரியும்.

மீனுக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு யாராச்சும் கேட்டா நான் இப்படிச் சொல்லுவேன். ரொம்ப காலத்துக்கு முந்தி, முப்பது கோடி வருசத்துக்கும் முந்தி, இன்னிக்கி நாம பாக்குற மீனு பெரும்பாலானதுக்குப் பாட்டன் பூட்டனா இருந்த ஒரு மீனுல, ஜீன் மொத்தமும் ஒரு தடவ ரெட்டிப்பாயிருச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, அம்புட்டும். தலை இங்க வரணும், வாலு அங்க வரணும், துடுப்பு இந்த எடத்துல மொளைக்கணும்னு கருவுக்குச் சொல்ற ஜீனும் அதுல சேத்தி. எலிக்கும் நமக்கும் ஒண்ணு இருக்குற எடத்துல மீனுக்கு ரெண்டு வந்துருச்சு. ஒரே கடைய அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு விட்டுட்டுப் போன மாதிரின்னு வச்சுக்கங்க. என்ன நடக்கும்? பல வீட்டுல ஒருத்தன் சும்மா திரிஞ்சு காணாமப் போயிருவான். சில வீட்டுல ஒருத்தன் கொள்முதல், இன்னொருத்தன் விக்கிறதுன்னு வேலையப் பங்கு போட்டுக்கிருவாங்க. எங்கயாச்சும் ஒரு வீட்டுல ஒருத்தன் வேற தொழிலுக்கே போயிருவான். ஜீனும் அப்படித்தான். ரெட்டிப்பானதுல பெரும்பாலும் ஒண்ணு காலப்போக்குல அழிஞ்சு போச்சு. ஆனா கருவ உருவாக்குற ஜீனுகள்ல நெறைய இன்னமும் ஜோடி ஜோடியாவே தங்கிருச்சு. அதுல யாரு எந்த வேலையப் பாக்குறா, ஒருத்தன் படுத்துட்டா இன்னொருத்தன் கடையத் தொறப்பானா, இதக் கண்டுபிடிக்கிறதுதான் என் சோலி.

நான் பாத்தது ஒரே ஒரு ஜோடி. குஞ்சுக்குத் துடுப்பும் முதுகெலும்பும் உருவாகுறதுல அதுகளுக்குப் பங்கு உண்டு. அதுகளுக்கு ஆங்கிலத்துல ஒரு நீளமான பேரு இருக்கு, நமக்கு வேணாம். என் நோட்டுல நான் பெரியவன், சின்னவன்னுதான் எழுதுவேன். பெரியவன் பழுதான மீனு ஒரு பெரிய ஊரு லேபுலேருந்து பாலித்தீன் பையில தண்ணியோட பஸ்சுல வந்துச்சு. அந்தப் பழுத வெளிய காட்டாம உள்ள வச்சிருக்குற ஆணையும் பொண்ணையும் சேத்தா, குஞ்சுல நாலுக்கு ஒண்ணு பெரியவன் சுத்தமா இல்லாமப் பொறக்கும். சின்னவன் எல்லாத்துக்கும் நல்லபடியா இருப்பான். அந்த நாலுல ஒண்ணு என்ன ஆகுதுங்கிறதுதான் என்னோட கேள்வி. அஞ்சு வருசப் படிப்பு அந்தக் கேள்வியிலதான் நின்னுச்சு.

இப்ப அக்காவச் சொல்லணும்.

மீன் ரூமுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்னு கேட்டப்ப, காலேஜு ஆபீசுல தினக்கூலிக்கு ஒரு அக்காவ அனுப்பி வச்சாக. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லியான ஒடம்பு, எண்ணெய் வச்சு இறுக்கிப் போட்ட கொண்டை. சின்ன வயசுல ஜீப்புல தொத்திக்கிட்டு போடிமெட்டுக்கு மேல ஏலக்காய் எடுக்கப் போனவுக. அப்பறம் இருவது வருசம் போடியில ஒரு ஏலக்காய்க் கடையில பொறுக்குற வேலை. காய்ஞ்ச காயத் தட்டுல பரப்பி, வெடிச்சது, சுருங்குனது, நெறம் வெளுத்ததுன்னு கையால பிரிச்சுப் போடணும். அந்தத் தூசி நெஞ்சுல ஏறி அக்காவுக்கு இருமல் வந்துருச்சு. சும்மா இருமல் இல்ல, இருமி முடிக்கிறப்ப ஒதடு நீலம் பாரிச்சுப் போகும். "இனிமே ஏலக்காய் மூட்டை இருக்குற தெருப்பக்கமே போகாத"ன்னு டாக்டர் சொல்லிட்டாரு. போடியில அப்படி ஒரு தெருவத் தேடித்தான் பிடிக்கணும். அதனால இந்த மீன் ரூம் வேலை அக்காவுக்குச் சாமி குடுத்த மாதிரி. தண்ணி, கண்ணாடி, தூசியே கெடையாது. சேந்து ரெண்டு மாசத்துல இருமல் பாதி கொறைஞ்சுருச்சு. "இந்த வேலை போச்சுன்னா நான் திரும்ப அந்தத் தட்டு முன்னாலதான் ஒக்காரணும் பாப்பா. வேற சோலி எனக்கு என்ன தெரியும்?"ன்னு ஒருதடவ வலைய அலசிக்கிட்டே சொன்னாக. நான் "ம்ம்"னேன்.

வரிக்குதிரை மீனு விடியக்காலத்துல முட்டை போடும். முந்தின நாள் சாயங்காலம் ஆணையும் பொண்ணையும் ஒரே பெட்டியில நடுவுல தடுப்பு வச்சு விடணும். காலையில வெளக்கு எரிஞ்சதும் தடுப்ப எடுத்தா அரை மணி நேரத்துல முட்டை அடியில கொட்டிக் கெடக்கும். அக்கா ஏழு மணிக்கு வந்துருவாக. நான் பத்து மணிக்கு. எந்திரிக்கிறது எனக்கு ஆகாது, அம்புட்டுதான், வேற காரணம் ஒண்ணும் இல்ல.

மொத நாளே நான் சொல்லிக் குடுத்தது, வெள்ளையா மங்கிப் போன முட்டை செத்த முட்டை, அத எடுத்துரணும், இல்லாட்டி தண்ணி கெட்டு மத்ததும் சாகும். அக்காவுக்கு ரெண்டு நிமிசத்துல பிடிபட்டுருச்சு. தட்டுக்கு அடியில கறுப்புத் துணிய விரிச்சு, கண்ணுக்குப் பக்கத்துல லென்ஸ வச்சு, டிராப்பரால டக்கு டக்குன்னு எடுப்பாக. எனக்கு ஒரு மணி நேரம் ஆகுறத அக்கா பத்து நிமிசத்துல முடிச்சுருவாக.

"அக்கா, ஒங்க தட்டு மாதிரி சுத்தமான தட்ட நான் எங்கயும் பாத்ததில்லக்கா. ஒரு குஞ்சு கோணலா இருக்கா பாருங்க!"ன்னு நான் சொல்லுவேன். அக்கா மூஞ்சி மலந்து போகும். இத நான் ஒருதடவ சொல்லல, வாரத்துக்கு ரெண்டு தடவ சொன்னேன். மனசுல வச்சுக்கங்க.

இன்னொண்ணு. ஒவ்வொரு ஜோடியோட குஞ்சையும் தனித்தனித் தொட்டியில வளப்போம். அக்கா அதுக்கு லாட்டுன்னு பேரு வச்சாக. ஏலக்காய்க் கடை வழக்கம் நாக்குல ஒட்டிக்கிருச்சு. ஒவ்வொரு லாட்டுத் தொட்டியோட கைப்பிடியிலயும் அக்கா ஒரு கலர் நூலு கட்டி வச்சிருந்தாக. செவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். "என்னக்கா, மீனுக்கும் திருஷ்டிக் கயிறா?"ன்னு நான் கேலி பண்ணினேன். "ஒரு அடையாளத்துக்குத்தான் பாப்பா"ன்னு சொல்லிட்டு அக்கா சிரிச்சாக. எனக்கு அது திருஷ்டிக் கயிறாவேதான் தெரிஞ்சுச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

நாலு மாசம் போச்சு. பத்து லாட்டு. மொத நாள் நல்ல முட்டைய எண்ணுவேன், நாலாம் நாள் குஞ்ச எண்ணுவேன். ஒவ்வொரு லாட்டுலயும் ஏறக்கொறைய நாலுல ஒரு பங்கு கொறைஞ்சுச்சு. இருக்குற குஞ்சுல கொஞ்சத்த எடுத்து ஜீனப் பாத்தா, பெரியவன் இல்லாத குஞ்சு ஒண்ணு கூட இல்ல. அப்படீன்னா பெரியவன் இல்லாட்டி குஞ்சு பொழைக்காது! சின்னவன் கூடவே இருந்தும் தாங்கிப் பிடிக்க முடியல! முப்பது கோடி வருசமா பக்கத்துலயே இருக்கான், ஒண்ணுக்கும் ஒதவல! அந்த அத்தியாயத்த நான் ரெண்டு வாரத்துல எழுதி முடிச்சேன். அட்டவணையில "இறந்தவை"ன்னு ஒரு கட்டம், அதுக்குப் பக்கத்துல "காரணம்"னு ஒரு கட்டம். பத்து வரிசையிலயும் "பெரியவன் இன்மை"ன்னு எழுதினேன். எழுதுறப்ப எனக்கு அம்புட்டு சந்தோசம், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

எங்க சார் மதுரையில இருந்து மாசத்துக்கு ரெண்டு தடவ ரயிலு ஏறி வருவாரு. அதிகம் பேச மாட்டாரு. அத்தியாயத்தப் படிச்சுட்டு கண்ணாடியக் கழட்டி வச்சாரு.

"செத்தத நீ பாத்தியாம்மா?"

"தினமும் அக்கா எடுத்துருவாக சார்."

"ஒண்ணாச்சும் போட்டோ எடுத்திருக்கியா?"

"சின்னது சார், கரைஞ்சு போயிரும்."

"நாலுல ஒரு பங்கு கரைஞ்சா போகும்?"ன்னு கேட்டாரு. "அடுத்த லாட்டுல ஒடம்பக் காட்டு. பாக்காத சாவ எழுதக் கூடாது."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அஞ்சு வருசம் ஒழைச்சிருக்கேன், இவரு மதுரையில இருந்துக்கிட்டு ஒடம்பக் காட்டுங்கிறாரு! காட்டுறேன்னு வைராக்கியமா அடுத்த லாட்டோட மூணாம் நாள் காலையில, ஏழு மணிக்கே, காலேஜு பஸ்சுக்குக் காத்திருக்காம ஆட்டோ பிடிச்சுப் போனேன். வியாழக்கெழம அது. மேக்காத்து விசுவிசுன்னு அடிக்குது, மலையில மேகம் எறங்கி நிக்குது. ரூமுக்குள்ள அக்கா கறுப்புத் துணிக்கு மேல தட்ட வச்சு ஒக்காந்திருக்காக. தட்டுல மூணு நாள் குஞ்சு. ஒவ்வொண்ணும் ஒரு சீரகம் அளவு. அக்கா லென்ஸுல பாத்துப் பாத்து ஒண்ணொண்ணா டிராப்பரால உறிஞ்சி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள்ள விடுறாக.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"வா பாப்பா, என்ன வெரசாவே வந்துட்ட? ரெண்டாம் பொறுக்கு முடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"என்னது?"

"ரெண்டாம் பொறுக்குப்பா. மொதப் பொறுக்குல வெள்ளை முட்டை. மூணாம் நாள் பாத்தா வாலு கோணுனது, துடுப்பு இல்லாதது தெரிஞ்சுரும்ல? ஒருதடவ பொறுக்குன சரக்க எப்படிக் குடுக்குறது? போடியில எவளும் குடுக்க மாட்டா." சொல்லிட்டு, பெருமையா, அந்தச் சுத்தமான தட்ட என் பக்கம் நகத்தி வச்சாக.

நாலுல ஒண்ணு. கோணலானது. துடுப்பு இல்லாதது. நான் பாக்க வேண்டியதே அதத்தான். அத மட்டும்தான்! நாலு மாசமா நான் வந்து சேருறதுக்கு முந்தி, அக்கா அதப் பொறுக்கி எடுத்துட்டு, எனக்கு வேண்டாதத அழகாத் தட்டுல வச்சுக் குடுத்திருக்காக.

அப்பறம் நான் என்ன பேசினேன்னு முழுசா எழுத எனக்குத் தெம்பு இல்ல. "என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே"ன்னு கத்தினேன். "யாரு ஒங்களப் பொறுக்கச் சொன்னது? இதென்ன ஏலக்காயா?"ன்னு கத்தினேன். அக்கா எந்திரிச்சு நின்னாக. டிராப்பரக் கீழ வச்சாக. "இல்ல பாப்பா, அது வந்து..."ன்னு வாயெடுத்தாக. "பேசாதீங்க! ஒண்ணும் பேசாதீங்க!"ன்னேன். ரூமுக்கு வெளிய வந்து சாருக்குப் போன் போட்டு, "அந்தம்மா எல்லாத்தையும் கெடுத்துட்டாக சார், கேக்காமக் கொள்ளாம தூக்கிப் போட்டிருக்காக"ன்னு அழுதேன். சார் ஆபீசுக்குப் பேசினாரு. தினக்கூலி ஆளுதான, மத்தியானத்துக்குள்ள நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டாக.

இம்புட்டு வெரசா நடக்கும்னு நான் நெனைக்கல. ஆனா நடக்குறப்ப தடுக்கவும் இல்ல.

அக்கா சாவிய ஆணியில மாட்டிட்டு, சாப்பாட்டுத் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னாக. "பின்னால கொஞ்சம் பாத்துக்க பாப்பா. தெனம் ரெண்டு வேளை..."ன்னாக. "எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க கெளம்புங்க"ன்னு நான் கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே சொன்னேன். அக்கா போயிட்டாக.

வெள்ளிக்கெழம நான் போகல, வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுக் கெடந்தேன். சனி ஞாயிறு லீவு. வாட்ச்மேன் தொட்டிகளுக்கு மட்டும் தீனி போட்டாரு. "யாரு மேல கோவம்?"னு அம்மா கேட்டுச்சு. சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஏண்டி, அது எப்பயும் ஏழு மணிக்குத்தான வருது, நீ எத்தன மணிக்குப் போவ?"ன்னு மட்டும் கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருச்சு.

திங்கக்கெழம காலையில வலை கழுவ ஆள் இல்லாததால நானே பின்னால போனேன். ரூமுக்குப் பின்னால கூரை போட்ட ஒரு கழுவுற எடம். நான் அங்க வருசத்துக்கு ஒருதடவ போயிருந்தா அதிகம். பழைய பெஞ்சுக்கு அடியில ஈரச்சாக்கு மூடியிருந்துச்சு. தூக்கினேன். வரிசையா ஐஸ்கிரீம் டப்பா, வாயகன்ற ஊறுகாப் பாட்டிலு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கலர் நூலு. செவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள். என் தொட்டியில இருந்த அதே நூலு, அதே வரிசை.

மொதப் பாட்டிலுக்குள்ள என்னமோ அசைஞ்சுச்சு. குனிஞ்சு பாத்தேன். மீனு. நாலு மாசத்து மீனு. மத்த மீனுல பாதி நீளம். ஒண்ணுக்கு வாலு ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. ஒண்ணுக்குத் துடுப்பு நெல்லு உமி அளவுக்குத்தான் இருக்கு. ஆனா அத வச்சே படபடன்னு தண்ணிய அடிச்சுக்கிட்டு மேல வருது, என் நெழலப் பாத்துத் தீனின்னு நெனச்சு. நான் செத்துப்போச்சுன்னு எழுதின மீனு. என் நாற்காலிக்குப் பின்னால, செவத்துக்கு அந்தப் பக்கம், நாலு மாசமா நீந்திக்கிட்டு இருந்திருக்கு.

ஏலக்காயில எவளும் கோணல் காயத் தூரப் போட மாட்டா. எனக்கு அது தெரிஞ்சிருக்கணும், நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன். வெடிச்சது, சுருங்குனது எல்லாம் ரெண்டாந்தரம்னு தனிச் சாக்குக்குப் போகும். அக்கா வேலை பாத்த கடையில நல்ல சாக்குக்கும் அதுல கழிஞ்ச சாக்குக்கும் ஒரே கலர் நூலு கட்டுவாகளாம், எந்த லாட்டுல எது கழிஞ்சதுன்னு பின்னால கேட்டாச் சொல்லணுமே. அதையேதான் இங்கயும் செஞ்சிருக்காக, பின்னாலதான் அக்கா சொல்லித் தெரிஞ்சுச்சு. அவிச்ச முட்டையோட மஞ்சக்கருவ வீட்டுலேருந்து கொண்டாந்து, பழைய வேட்டித் துணியில வடிகட்டி, ரெண்டு வேளை போட்டு வளத்திருக்காக. அந்தத் துணி கொடியில அப்படியே காஞ்சு கெடந்துச்சு, எதுக்குன்னு அன்னிக்கு எனக்குப் புரியல.

அடுத்தடுத்த டப்பாவப் பாத்தேன். மொத ஏழு லாட்டு உசுரோட இருந்துச்சு. கடைசி நாலு லாட்டு சின்னக் குஞ்சு, மூணு நாள் பட்டினி தாங்குற வயசில்ல. எல்லாம் மேல மெதந்துச்சு. சார் கேட்ட செத்த ஒடம்பு எனக்கு இப்பக் கெடைச்சிருச்சு. நான் வாயப் பொத்திக்கிட்டு அழுதேன்.

அன்னிக்கே சாருக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொன்னேன். ஒண்ணையும் மறைக்கல. நான் பத்து மணிக்கு வர்றது, சுத்தமா இருக்குன்னு வாரத்துக்கு ரெண்டு தடவ புகழ்ந்தது, அக்காவப் பேச விடாதது, எல்லாம்.

"அப்ப எதுக்கும்மா அவங்கள அனுப்புனோம்?"

"நான் சொன்னதாலதான் சார்."

"அப்ப நீதான் கூட்டிட்டு வரணும். ஆபீசுல நான் பேசுறேன்."

ஆபீசுல சரின்னு சொல்ல ரெண்டு நாள் ஆச்சு. புதன்கெழம போடியில கடை கடையாத் தேடிக்கிட்டுப் போனேன். மூணாவது கடையில, உள்ளுக்குள்ள நீளமான ஹாலுல, பொம்பளைக வரிசையாத் தட்டு வச்சு ஒக்காந்திருந்தாக. ஏலக்காய் வாசம் மண்டைய அடைக்குது. கடைசியில அக்கா. மூக்குக்கு மேல துண்டக் கட்டியிருந்தாக. ஒரு வாரங்கூட ஆகல, இருமல் திரும்பி வந்துருச்சு. இருமிட்டு, நெஞ்சப் பிடிச்சு நிதானிச்சுட்டுத்தான் நிமிந்து பாத்தாக. ஒதடு நீலமா இருந்துச்சு. நான் செஞ்ச வேலை அது.

"அக்கா, என்னைய மன்னிச்சுருங்கக்கா. எல்லாம் என் தப்பு. ஆபீசுல பேசிட்டேன். நாளைக்கே வந்துருங்க, இப்பவே வந்துருங்க."

அக்கா இன்னொரு காய எடுத்துக்கிட்டே, "பின்னால இருக்குற ரெண்டாந்தரத்துக்கு யாரு தீனி போடுறா?"ன்னு கேட்டாக.

பொய் சொல்லலாம்னு ஒரு நொடி தோணுச்சு. "திங்கக்கெழமையிலேருந்து நான்க்கா. அதுக்கு முந்தி மூணு நாளு... யாரும் போடல. எனக்குத் தெரியாதுக்கா. கடைசி நாலு லாட்டும் போச்சு."

அக்கா கையில இருந்த காய மெதுவாத் தட்டுல வச்சாக. "எம்மேல கோவம்னா என்னையத் திட்டு பாப்பா, நாலு நாள் வேணாலும் திட்டு. அதுக என்ன பண்ணுச்சு? நான் சொல்ல வந்தேன்ல? ரெண்டு வேளைன்னு சொன்னேன்ல?" கொரலு ஒடைஞ்சு போச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைக எல்லாம் பொறுக்குறத நிப்பாட்டிட்டு என்னைய ஏற எறங்கப் பாத்தாக. பாக்கட்டும்னு நின்னேன்.

அக்கா தட்டத் தள்ளி வச்சுட்டு, "இன்னிக்குத் தீனி போட்டியா?"

"போட்டேன்க்கா."

"என்ன போட்ட?"

"முட்டை மஞ்சக்கரு."

"வடிகட்டுனியா?"

வடிகட்டாம அப்படியே உதுத்துப் போட்டிருந்தேன்.

"அட ஆத்தாடி!"ன்னு சொல்லிக்கிட்டே அக்கா துண்ட அவுத்து ஒதறிட்டு எந்திரிச்சாக. "தண்ணி கெட்டுப் போயிரும்டி! வெரசா வா, பஸ்சு போயிரும்!" ஒரு நாளும் என்னைய 'டி' போட்டதில்ல அக்கா. அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு எனக்கு அது.

பொழைச்ச ஏழு லாட்டு மீனுலயும் வாலு நுனியத் துளி வெட்டி ஜீனப் பாத்தோம். வெட்டுனா மறுபடி வளந்துரும், பயப்பட ஒண்ணும் இல்ல. பொறுக்கி எடுத்ததுல ஒண்ணு ரெண்டு தவிர மத்தது எல்லாம் பெரியவன் சுத்தமா இல்லாத மீனு. அக்கா கண்ணு அம்புட்டு துல்லியம். பெரியவன் இல்லாமயே நாலு மாசம் பொழைச்சிருக்கு. சின்னவன்தான் தாங்கியிருக்கான். முழுசா முடியல அவனால, வாலு கோணிப் போச்சு, துடுப்பு உமியாப் போச்சு. ஆனா கடையச் சாத்தல. நான் எழுதினதுக்கு நேரெதிர். அத்தியாயத்தக் கிழிச்சுப் போட்டுட்டு மொதல்லேருந்து எழுதினேன். இப்பல்லாம் ஏழு மணிக்கு நானும் போயிருவேன், அக்கா ரெண்டாம் பொறுக்கு பண்றப்ப பக்கத்துல ஒக்காந்து ரெண்டு தட்டையும் எண்ணுவேன். அக்காவோட இருமல் மறுபடி கொறைய மூணு மாசம் ஆச்சு. பழைய அளவுக்குக் கொறையல.

அட்டவணையப் புதுசாப் போட்டப்ப, பொழைச்ச ஏழு லாட்ட மட்டும் எழுதினேன். சாரும் அது போதும்னுட்டாரு. அக்காவுக்கு அட்டவணைய வாசிச்சுக் காட்டினேன். நூலு கலரச் சொல்லிச் சொல்லிக் கேட்டுக்கிட்டே வந்தாக. ஏழாவதோட நிறுத்தினேன்.

"மிச்ச நாலு எங்க?"

"அது செத்துப் போச்சேக்கா. அதுல கணக்குப் பாக்க ஒண்ணும் இல்ல."

"வந்த லாட்ட எழுதாம விடலாமா? எழுது."

நாலு வரிசை கூடப் போட்டேன். பக்கத்துல காலியான நாலு பாட்டிலையும் அக்கா கழுவிக் கவுத்து வச்சிருந்தாக. நூல அவுக்கல. "இறந்தவை"ங்கிற கட்டத்துல நாலு எண்ணு எழுதினேன். "காரணம்"னு ஒரு கட்டம் மிச்சம் இருந்துச்சு. "அதையும் எழுதணும்னா தெரியவில்லைன்னு போட்டுரும்மா, யாரும் கேக்க மாட்டாங்க"ன்னு சார் சொல்லியிருந்தாரு. அக்கா பக்கத்துல நின்னு, எழுத்துத் தெரியாட்டியும், என் கைய உத்துப் பாத்துக்கிட்டு இருந்தாக. நாலு வரிசையிலயும் ஒண்ணாத்தான் எழுதினேன்: தீனி போட ஆள் இல்லை, ஆளை நான் அனுப்பிவிட்டேன்.